உறையாவாயின் முதல் குற்றவாளி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பிலோமின் ஒரு நாள் மின்நிலையத்துக்கு வந்து, டீசல் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தித்தான் இதைச் சொன்னாள். (அங்கே இரகசியம் பேசுவதென்றாலும் கத்தத்தான் வேண்டும். என் வேலை அங்கேதான், பல வருடமாக.) தெற்கிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்து தங்கிப் போய், 'அண்ணனைத் தண்டித்த தங்கை' என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதில் அவள் இரண்டு இடத்தில் அழுகிறாளாம்.

"நான் எங்க அழுதனான்? குளிர்காத்துக்குக் கண்ணில தண்ணி வந்தது. அதைப் பாத்திட்டு எழுதியிருக்கிறான்."

பிறகு, நான் என் மொழியில் கதை எழுதுகிறவனாமே, அதை இந்த ஊரில் யாராவது வாசிப்பார்களா என்று கேட்டாள். ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்றேன்.

"அப்ப நீ எழுது. இஞ்ச ஆரும் வாசிக்க மாட்டினம் எண்டால் உள்ளதை உள்ளபடி எழுதலாம்."

இரண்டு நிபந்தனைகள் போட்டாள். அண்ணனை வீரனாக்கக் கூடாது. அவளைப் புனிதையாக்கக் கூடாது.

மூன்றாவதை நானே சேர்த்துக்கொண்டேன். அவர்கள் தங்கள் மொழியில் பேசியதை, எனக்கு வாயில் வரும் ஒரே பேச்சில்தான் எழுதுவேன். அது யாழ்ப்பாணப் பேச்சு. மதுரையிலோ மட்டக்களப்பிலோ இருந்து வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: பிலோமினும் அவள் அண்ணனும் என்னைவிட மூத்தவர்கள்; 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன். எல்லோரும் 'அவர்' ஆகிவிட்ட கதையில் அண்ணனும் தங்கையும் சண்டை பிடிக்க முடியவில்லை. அதனால் அவன், அவள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "வெண்பனி போர்த்திய அந்த வடதிசை ஊரில்—"

நிறுத்திவிட்டேன். உறையாவாயில் பனியைப் பார்த்து வியப்பவர் அன்று காலை விமானத்தில் இறங்கியவர் மட்டும்தான். (ஊரின் உண்மைப் பெயர் வேறு. எந்தக் குளிரிலும் ஏரி உறையாமல் திறந்து கிடக்கும் இடம் என்று அதற்குப் பொருள். வரைபடத்தில் நெடுங்காலம் ஒரு பிரபுவின் பெயர் இருந்தது. அந்தப் பிரபு இந்தப் பக்கம் வந்ததே இல்லை. தமிழில் நான் உறையாவாய் என்று வைத்திருக்கிறேன். பிலோமின் அதைச் சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள் சுடு உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது, ஆனால் பிரபுவைவிடப் பரவாயில்லை என்றாள்.)

இரண்டாம் தொடக்கம்: "ஒரு கோடையில் படகில் வந்த மனிதர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளிடம் உடன்படிக்கை ஒன்றை நீட்டினார்கள். நிலத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று இவர்கள் நினைத்தார்கள். நிலத்தை வாங்கிவிட்டோம் என்று அவர்கள் நினைத்தார்கள்."

இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் பேரப்பிள்ளைகள் காலத்துக்கு வந்து சேர ஒரு புத்தகம் வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிழையைத் திருத்த ஒரு தலைமுறை முழுக்கப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து நரைத்தது. கடைசியில் நிலம் இவர்களுடையது, அதன் மேல் போடும் சட்டமும் இவர்களுடையது என்று எழுதிக் கையொப்பம் ஆயிற்று. இந்தக் கதை நடப்பது இவர்கள் தங்களைத் தாங்களே ஆண்ட முதலாவது குளிர்காலத்தில்.

மூன்றாம் தொடக்கம்: "எங்கள் ஊரிலும் நிலம் என்றால்—"

இதைச் சொல்லிக் காட்டியபோது பிலோமின் கையை உயர்த்தி மறித்தாள். "உன்ர நிலத்துக்கு நீ வேற கதை எழுது தம்பி. அதுக்கும் ஒரு கதை வேணும். இதுக்குள்ள கொண்டுவந்து சொருகாதை."

அவள் சொன்னது சரி. வரியை அழிக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை, கிடக்கட்டும்.

நாலாவது தொடக்கம், இறைச்சி. அதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

3

தை மாதத்தில் ஒரு காலை, இசிதோர் தன் பனிவண்டியைக் கொண்டுவந்து அரசு அலுவலகத்தின் வாசலில் நிறுத்தினான். பின்னால் கட்டியிருந்த சறுக்குவண்டியில் இரண்டு கரிபு மான்கள். ஒரு படங்குகூடப் போட்டு மூடவில்லை. எதிரே இருந்த கடைக்குள் போய்க் கோப்பி வாங்கினான். கேட்டவர்களுக்கெல்லாம் ஏரிக்குக் கிழக்கே சுட்டது என்று சொன்னான். கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

ஏரிக்குக் கிழக்கே அந்தக் குளிர்காலம் ஒருவரும் சுடக் கூடாது. மந்தை குறுகிப்போயிருந்தது. ஒரு காலத்தில் ஏரியைக் கடக்க நாள்கணக்காகும் கூட்டம், போன இலையுதிர்காலத்தில் ஒரு மத்தியானத்துக்குள் கடந்து முடிந்துவிட்டது. மேற்கே அங்கொன்று இங்கொன்றாக வருவதைச் சுடலாம். கிழக்கே குட்டி ஈனப் போகும் பெண்மான்கள் நிற்கும் இடத்தைத் தொடக் கூடாது. புதிய அரசு போட்ட முதல் சட்டம் இது. ஊர் முழுவதும் மண்டபத்தில் கூடி, கத்தி, கோபித்துக்கொண்டு எழுந்து போய், திரும்பி வந்து, கை உயர்த்திப் போட்ட சட்டம். இசிதோரும் கை உயர்த்தியவன்தான்.

அவன் பிலோமினின் அண்ணன். இளவயதில், அனுமதிப்பத்திரம் இல்லாமல் வேட்டையாடினான் என்று, தெற்கிலிருந்து ஆண்ட வெளி அரசு அவனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தியது. அவன் சுட்டது அவனுடைய அப்பன் வேட்டையாடிய இடத்தில். எனக்கு அனுமதி தர நீங்கள் யார் என்று கேட்டான். வென்றான். வெளி அரசு பேச்சுவார்த்தை மேசைக்கு வந்து உட்கார்ந்ததே அந்த வழக்கால்தான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இசிதோர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வான். அந்த மேசையில் கடைசிவரை உட்கார்ந்து முடித்தவள் பிலோமின். இப்போது உறையாவாய் அரசின் முதல் தலைவி.

அலுவலக ஜன்னலில் நின்று அவள் சறுக்குவண்டியைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு வந்தது கோபம் அல்ல, பசி. (இதை அவளே சொன்னாள். "நல்ல கொழுத்த மான்" என்றாள். புனிதையாக்காதே என்று அவள் கேட்டது சும்மா அல்ல.)

கோபம் வருவதற்குள், கடைப்பேச்சு தெற்குவரை எட்டித் தொலைபேசி வந்தது. பேசியவர் ஹாலோரன், வெளி அரசின் வனவிலங்கு அதிகாரி, மரியாதையான மனிதர். உடன்படிக்கையின்படி உறையாவாயின் சட்டத்தை மீறியவரை உறையாவாய்தான் விசாரிக்கும். விசாரிக்காமல் விட்டால் வெளி அரசு விசாரிக்கும். நாளை மத்தியான விமானத்தில் வருகிறேன் என்றார் ஹாலோரன். அதற்குள் நீங்களே பார்த்துவிட்டால் எனக்குத் தேநீர் குடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நல்லது என்று பட்டது பிலோமினுக்கு. திருப்பிக் கொடுக்க ஏதாவது இருந்திருக்கும்.

4

இங்கே எனக்கு இசிதோர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் சுட்டான்?

என் முதல் எழுத்தில் அவன் ஒரு பசித்த குடும்பத்துக்காகச் சுட்டான். பிலோமின் அதைக் கேட்டு இருமும்வரை சிரித்தாள். அடுத்த தடவை ஓர் எதிர்ப்பாகச் சுட்டான். ஏரியின் நடுவில் நின்று மானிடம் ஒரு நீளமான வசனம்கூடப் பேசினான். "அண்ணை அவ்வளவு யோசிக்கிற ஆள் இல்லை" என்றாள் அவள். "இறைச்சி தின்ன ஆசை வந்திருக்கும்."

ஆளே ஊரில் இருக்கும்போது நான் ஏன் ஊகிக்க வேண்டும்? போய்க் கேட்டேன். இசிதோர் பனிவண்டியின் சங்கிலிப்பட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் நடுவில் இருந்தான். பட்டியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினான்.

"அரசாங்கம் வந்திட்டுது எண்டு எல்லாரும் சொல்லிச்சினம்" என்றான் பிறகு. "மெய்தானோ எண்டு பாக்க வேணும்போல கிடந்தது."

இன்னும் கொஞ்சம் கழித்து, "இறைச்சியும் தின்ன வேணும்போல கிடந்தது" என்றான்.

இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஒரு மனிதனுக்கு ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்பது கதை எழுதுகிறவர்கள் தங்கள் வசதிக்குப் பழக்கிவைத்த வழக்கம்.

5

அன்று பின்னேரம் பிலோமின் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் சமையலறைத் தரையில் பெட்டி மட்டையை விரித்து ஒரு மானைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தான். அடுப்பில் நாக்கு வெந்தது. நாக்குத்தான் நல்ல பகுதி. அதை வெட்டிக் கிண்ணத்தில் வைத்து அவள் பக்கம் தள்ளினான். அவள் தொடவில்லை. அந்த வீட்டில் அவள் இறைச்சியை மறுத்தது அதுதான் முதல் தடவை. இசிதோர் கத்தியைக் கீழே வைத்தான்.

"இப்ப வந்திருக்கிறது ஆர்? என்ர தங்கச்சியோ, அரசாங்கமோ?"

"ரெண்டு பேரும்தான். ஒரு சோடிச் சப்பாத்திலதான் வந்திருக்கினம்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். (பத்திரிகைக்காரரின் கட்டுரையில் இந்தச் சிரிப்பு இல்லை.)

பிறகு அவன் கோபப்பட்டான். வெளிக்காரர் என்னிடம் அனுமதித் துண்டு கேட்டார்கள், அவர்களை அடித்து அனுப்பினேன், இப்போது கூடப்பிறந்தவளே வந்து கேட்கிறாள் என்றான். நான் துண்டு கேட்கவில்லை, ஒரு குளிர்காலம் விட்டுவை என்றுதான் கேட்டேன், நீயும்தானே கை உயர்த்தினாய் என்றாள் பிலோமின்.

"நான் கை உயர்த்தினது மற்றவங்களுக்கு" என்றான் இசிதோர்.

அவன் பகிடியாகச் சொல்லவில்லை. அவள் ஹாலோரன் வரப்போவதைச் சொன்னாள். வரட்டும் என்றான். அவர்களுடைய நீதிமன்றம் தனக்குப் பழக்கமானது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியும், முன்பும் வென்றவன், இனியும் வெல்வேன் என்றான்.

"வெல்லுவாய் அண்ணை. அதுதான் எனக்குப் பயம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அங்க போய் நீ என்னத்தைச் சொல்லி வெல்லுவாய்? எனக்குச் சட்டம் போட ஆருக்கும் உரிமை இல்லை எண்டு சொல்லுவாய். முந்தி நீ வெண்டதில தோத்தது அவையின்ர சட்டம். இப்ப நீ வெண்டால் தோக்கிறது எங்கட சட்டம். பேந்து வேற ஒருத்தன் வந்து கிழக்கில சுரங்கம் எண்டு கிடங்கு தோண்டேக்க, எந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் அவன்ர முகத்தில காட்டுறது?"

அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்தது. யாரும் எழும்பவில்லை. இசிதோர் கடைசியில், அப்படியென்றால் மண்டபத்துக்குக் கூப்பிடு, எல்லோருக்கும் முன்னால் கேள், வருகிறேன் என்றான். சம்மதித்தான் என்று எழுத முடியாது. சண்டைக்கு வேறு இடம் குறித்தான், அவ்வளவுதான்.

வீடு திரும்பும்போது அவள் மனம் நிலையாக இருந்ததாம். நான் நம்பாமல் பார்த்தேன். "எனக்கு என்ன செய்ய வேணும் எண்டு தெரியும். தெரிஞ்ச பிறகு ஏன் நடுங்க வேணும்?" என்றாள்.

6

விசாரணை அடுத்த நாள் காலை, மண்டபத்தில். தீர்ப்புச் சொல்ல மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்த இடம் தெரேசுக்கு. தண்ணீர் பவுசர் வண்டி ஓட்டி வீட்டுக்கு வீடு தொட்டி நிரப்புகிறவள். ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் என்ன நடக்கிறது என்று அறிந்தும் வெளியே ஒரு சொல் விடாதவள் என்பதால்தான் அவளைத் தெரிந்தெடுத்தார்கள். பிலோமின் தீர்ப்புச் சொல்லும் பக்கத்தில் இல்லை. அரசின் தலைவி என்பதால் குற்றம் சொல்ல வேண்டியவள் அவள்.

[இந்த இடத்தில் பிலோமினுக்காக ஒரு நீண்ட உரை எழுதி வைத்திருந்தேன். நிலம், மந்தை, பிறக்கப்போகும் பிள்ளைகள் எல்லாம் அதில் வந்தன. அவள் உண்மையில் பேசியது கீழே இருப்பதுதான்.]

"இவர் என்ர அண்ணை. இவர் இல்லாட்டி இந்த மண்டபத்தில இண்டைக்கு நாங்கள் இப்பிடி இருக்கமாட்டம். இவர் கிழக்கில சுட்டது பிழை." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தெரேஸ் கேட்டாள்: "மாமா, சுட்டனீங்களோ?"

"ஓம்."

"சட்டம் தெரியுமோ?"

"கை உயர்த்தினனான்."

மண்டபம் சிரித்தது. இசிதோர் சிரிக்கவில்லை. தான் பேச வேண்டும் என்றான். அவன் கையில் தொப்பி இருந்தது. வெளி நீதிமன்றத்தில் அதைக் கழற்ற மறுத்தவன் என்பது ஊரறிந்த கதை.

"அண்டைக்கு அங்க நிண்டு, நீங்கள் ஆர், உங்களை எனக்குத் தெரியாது எண்டு சொன்னனான். அது லேசு. இஞ்ச அப்பிடிச் சொல்லேலாமக் கிடக்கு. இதில இருக்கிற எல்லாரையும் எனக்குத் தெரியும். தெரேஸ், உன்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். நீ கேக்கேக்க நான் என்னெண்டு தெரியாது எண்டுறது?"

அவ்வளவுதான். பிலோமின் தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். (கண்ணில் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். மண்டபம் சூடாக இருந்தது, காற்று இல்லை என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.)

மூவரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். சிறை இல்லை, அபராதம் இல்லை. அடுத்த இலையுதிர்காலம்வரை இசிதோர் கரிபு இறைச்சி சாப்பிடக் கூடாது. தானாகச் சுடவும் கூடாது, ஊரில் எந்த வீடும் அவனுக்குக் கொடுக்கவும் கூடாது.

சபையில் ஒரு முனகல் எழுந்தது. இந்த ஊரில் வாசலுக்கு வந்தவனுக்கு இறைச்சி இல்லை என்று சொல்வது வாயில் வராத சொல். இசிதோர்தான் அதைக் கேட்டான்: இது எனக்குத் தண்டனையா, ஊருக்கா?

"சட்டத்தை எல்லாருமாச் சேந்துதானே மாமா போட்டனாங்கள்" என்றாள் தெரேஸ்.

அந்த இரண்டு மான்களையும் அப்போதே மண்டபத்துச் சமையலறை அடுப்பில் ஏற்றினார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். இசிதோருக்கு அவித்த மீனும் ரொட்டியும். மத்தியான விமானத்தில் வந்த ஹாலோரன் கதவைத் திறந்தபோது மண்டபம் முழுக்க ஆவியும் பேச்சுமாக இருந்தது. பிலோமின் எழுந்து அவருக்குத் தேநீர் ஊற்றினாள். விசாரணை முடிந்ததா என்று அவர் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் மீன் முள்ளை விரலால் எடுத்துக்கொண்டே இசிதோர் சொன்னான்:

"என்னைப் பிடிச்சாச்சு. நீ பிந்திப்போனாய்."

அந்தக் குரலில் இருந்தது பெருமை. சந்தேகத்துக்கு இடமில்லாத பெருமை. நான் அங்கே சூடாக்கியின் கம்பியைச் சரிசெய்துகொண்டு நின்றேன், என் காதால் கேட்டேன். கதை இங்கே முடியலாம். பத்திரிகைக்காரர் இங்கேதான் முடித்தார்.

7

ஆனால் குளிர்காலம் அங்கே முடியவில்லை.

இசிதோர் வழக்கம்போல் வீடு வீடாகப் போனான். அவன் பனிவண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பில் இருந்த சட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. அவனுடைய வேட்டைக் கூட்டாளி நோயல், காய்ந்த இறைச்சியைத் தன் ட்ரக்குக்குள் இருந்து தின்றுகொண்டிருந்தபோது அகப்பட்டு, பல்வலி மருந்து என்றான். இசிதோர் எல்லா வீட்டிலும் உட்கார்ந்தான், மூக்கை உறிஞ்சினான், ஒன்றும் கேட்கவில்லை. சோதிக்கிறான் என்று சிலர் சொன்னார்கள். தனிமை என்று சிலர் சொன்னார்கள். ஞாயிறுகளில் பிலோமின் வீட்டில் மக்கரோனி. அரசாங்கத்தின் சமையல் சரியில்லை என்று சொல்லிவிட்டு இரண்டாம் தட்டும் வாங்கித் தின்பான்.

ஒரு வீடும் கொடுக்கவில்லை. காவல் இல்லை, கண்காணிப்பு இல்லை. இருந்தும் ஒரு வீடுகூடக் கொடுக்கவில்லை. உறையாவாயில் அரசு வந்த நாள் எது என்று என்னைக் கேட்டால் கையொப்பமிட்ட நாளைச் சொல்ல மாட்டேன். சட்டிகள் கட்டிலுக்கு அடியில் போன அந்தக் குளிர்காலத்தைத்தான் சொல்வேன். (கட்டுரைபோல் இருக்கிறது இந்த வரி. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். உண்மையாக இருப்பதால் விடுகிறேன்.)

8

பங்குனியில் இசிதோர் படுத்துவிட்டான். நெஞ்சுச் சளி, கடும் காய்ச்சல். புயலால் விமானம் வரவில்லை. தாதி கொடுத்த மருந்தை விழுங்கினான். மீன் ரசத்தைத் திருப்பி அனுப்பினான். இந்த ஊரில் ஒருவர் அப்படிக் கிடந்தால் கரிபு எலும்பு அவித்த சாறுதான் கொடுப்பார்கள். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் நாள், நல்ல பகல் வெளிச்சத்தில், பிலோமின் தன் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஒரு பானை. மூடி போட்டு, கம்பளித் துவாயால் சுற்றிக் கட்டியிருந்தாள். பனிவண்டியை எடுக்கவில்லை. பின்பாதையாலும் போகவில்லை. பெருவீதியின் நடுவால் நடந்தாள். ஜன்னல்களில் முகங்கள் இருந்தன. எதிரே வந்தவர்கள் நலம் கேட்டார்கள். பானையில் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் தெரேசின் தண்ணீர் பவுசர் வந்தது. கொஞ்ச தூரம் அவள் நடையின் வேகத்துக்கே ஊர்ந்து வந்தது. பிறகு தொட்டி நிரப்ப ஒரு வீடும் இல்லாத ஒழுங்கைக்குள் திரும்பிப் போய்விட்டது.

பிலோமின் அண்ணன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளிச்சம் மங்கும்போதுதான் வெளியே வந்தாள். ஒரு வாரத்தில் இசிதோர் எழும்பி நடந்தான்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பானையில் கரிபுச் சாறு இருந்தது. தங்கை ஊட்டினாள், அண்ணன் குடித்தான். முதல் சட்டத்தை அதைப் போட்டவளே—

பானையில் மறுபடி மீன் ரசம்தான் இருந்தது. இந்தத் தடவை இசிதோர் மறுக்கவில்லை, ஏனென்றால்—

கரிபுச் சாறுதான். ஆனால் இசிதோர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். நான் குற்றவாளி, எனக்குத் தரக் கூடாது என்று தலைவிக்கே சட்டம்—

மூன்றையும் பாதியில் விட்டுவிட்டேன். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பிடித்தது என்பதாலேயே அதை நான் நம்பவில்லை. பிறகு வழக்கம்போல் ஆட்களிடமே போனேன். அன்று உள்ளே என்ன நடந்தது என்று இசிதோரைக் கேட்டேன். "கதைச்சுக்கொண்டிருந்தம்" என்றான். பிலோமினைக் கேட்டேன். "கதைச்சுக்கொண்டிருந்தம்" என்றாள். இருவரும் என் கண்ணை நேரே பார்த்துத்தான் சொன்னார்கள்.

முன்பு அந்தச் சமையலறையில் நடந்த பேச்சை நான் எழுதினேன் என்றால், அதை அவர்கள் எனக்குத் தந்தார்கள். இதைத் தரவில்லை. கதை எழுதுகிறவன் எந்தச் சுவருக்குள்ளும் புகுந்து, எந்த மனிதனின் வாயிலும் கரண்டியை வைக்கலாம் என்ற பழக்கம் எனக்கும் உண்டு. அந்த வாசற்படியில் அது செல்லாது. அங்கே ஆட்சி வேறு ஆட்களுடையது.

உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வழி சொல்கிறேன்: பெருவீதியில் நேரே வந்து, ஏரிப்பக்கம் திரும்பினால் கடைசி வீடு இசிதோருடையது. கதவைத் தட்டுங்கள். உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள். திறப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள்.